சென்னியப்பனின் வலது கை

ஆனைக்கல்புதூரில் முதன்முதலாகத் தோலுரித்தவர் எழுத்தர் தேவசிகாமணி. அது ஒரு திங்கட்கிழமை. காலை ஒன்பதரை மணிக்கு வருகைப் பதிவேட்டைத் திறந்து, தன் பெயருக்கு நேரே பாதிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை மட்டும் தூக்கி, உத்தரத்திலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல மேலே பார்த்தபடி அப்படியே இருந்துவிட்டார். பதினொரு மணிக்குத் தேநீர் கொண்டுபோய் வைத்த பேபி, ஆடை கட்டிப்போன டம்ளரை எடுக்கத் திரும்பி வந்தபோதும் அவர் அப்படியே இருந்தார். மூச்சு இருந்தது. உடம்பு சுடவில்லை. முகத்தில் மட்டும் எண்ணெய் தடவியதுபோல ஒரு மினுமினுப்பு.

"இந்த மனுசனுக்குச் சாமி கீமி வந்திருச்சா" என்றாள் பேபி. சாந்தாமணியைக் கூப்பிட்டால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. கூப்பிட்டாள்.

சாந்தாமணி அந்த இளம்புழு மையத்தில் பதினேழு வருஷமாக இலை போடுகிறவள். சுற்றுவட்டாரத்தில் பட்டுப்புழு வளர்க்கிற இருநூறு விவசாயிகள் சேர்ந்து நடத்துகிற கூட்டுறவு மையம் அது. முட்டையிலிருந்து பொரிந்து வரும்போது புழுக்கள் எறும்பைவிடச் சிறியதாக, ஒரு சிட்டிகை கறுப்புத் தூள்போல இருக்கும். அந்தத் தூளைப் பிள்ளை வளர்க்கிற மாதிரி பத்து நாள் பார்த்து, நறுக்கிய மல்பெரி இலை கொடுத்து, இரண்டு முறை தோலுரிக்க வைத்து, இனி பிழைத்துக்கொள்ளும் என்றானதும் விவசாயிகளிடம் அனுப்பிவைப்பதுதான் மையத்தின் வேலை. தோலுரிக்கப் போகிற புழு முதலில் தின்பதை நிறுத்தும். பிறகு அதன் உடம்பு மினுங்கும். பிறகு தலையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சிலைபோல இருக்கும். மையத்தில் அதைத் தூக்கம் என்பார்கள். தூங்குகிற புழுவைத் தொடக்கூடாது, அதன்மேல் இலை போடக்கூடாது, ஈரம் படவிடக்கூடாது; பழைய தோல் தட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்க, புழு தானாகவே அதைவிட்டு முன்னால் நடந்து வெளியே வரவேண்டும். சாந்தாமணி தட்டுகளுக்கு நடுவே நடக்கும்போது வளையலை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டுதான் நடப்பாள், சத்தம் கேட்டுவிடக்கூடாதென்று.

அவள் தேவசிகாமணியின் முகத்தை ஒரு பக்கமாகக் குனிந்து பார்த்தாள்.

"தொடாதீங்க. தூங்கறார்."

"ஆபீசுல தூங்கறது அவருக்குப் புதுசா" என்றாள் பேபி.

"அந்தத் தூக்கமில்லீங்க்கா. நம்ம தட்டுல தூங்குமல்ல, அது."

பேபி ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். பிறகு போய்ச் சுண்ணாம்புத்தூள் டப்பாவைக் கொண்டுவந்து, புழுக்களுக்குத் தூவுகிற மாதிரியே ஈரம் வாங்கிக்கொள்வதற்காக நாற்காலியைச் சுற்றி வட்டமாகத் தூவினாள். பிற்பகலில் வந்த தலைவர் நாச்சிமுத்து வட்டத்துக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்துவிட்டு, பத்தொன்பது வருஷமாக எல்லாவற்றுக்கும் சொல்கிற பதிலையே இதற்கும் சொன்னார்: "சரி, அடுத்த கூட்டத்துல வெச்சுப் பார்த்துக்கலாம்."

மறுநாள் மாலை நாலு மணிக்குத் தேவசிகாமணியின் பிடரியில் ஒரு கோடு விழுந்தது. கோடு முதுகு வழியே இறங்கியது. அவர் மெதுவாக எழுந்து, வெங்காயச் சருகுபோன்ற தன் பழைய தோல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்க, ஒரு துண்டை வாங்கிச் சுற்றிக்கொண்டு மூன்றடி முன்னால் நடந்து வந்து நின்றார். "பசிக்குது" என்றார். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்து அவர் செய்த முதல் வேலை, பாதியில் நின்ற கையெழுத்தை அடித்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் 'தோல் விடுப்பு, ஒன்றரை நாள்' என்று எழுதியது. அன்று முதல் பதிவேட்டில் அதற்கென்று ஒரு கட்டம் வந்தது.

இரண்டு மாதத்துக்குள் ஊர் இதற்குப் பழகிவிட்டது. மையத்திலிருந்து விவசாயிகளுக்கும் விவசாயிகளிடமிருந்து அவர்கள் வீட்டாருக்கும் அது போனது. இது பிறப்புத் தீட்டா சாவுத் தீட்டா என்று கோயிலில் கேட்டபோது பூசாரி யோசித்துவிட்டு, ஆளும் போகவில்லை ஆளும் வரவில்லை, எதற்கும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வாருங்கள் என்றார். உடுமலைக்குப் போகிற டவுன் பஸ்ஸில் ஏறியவர் ஒருவர் ஜன்னலோரம் தலையைத் தூக்கிக்கொள்ள, நடத்துநர் அந்த சீட்டுக்குக் கீழே சுண்ணாம்பு தூவி, ஒரே டிக்கெட்டில் அவரை ஒன்றரை நாள் போகவர ஏற்றிக்கொண்டு திரிந்தார். பெண் கேட்டு வருகிறவர்களிடம் "மாப்பிள்ளை உரிச்சாச்சுங்களா" என்று விசாரித்தார்கள். இல்லையென்றால் உரித்தபிறகு வரச்சொன்னார்கள், என்ன வெளியே வருமென்று யாருக்குத் தெரியும் என்று. ரேஷன் கடையில் புதுப் பெருவிரலை இயந்திரம் ஏற்காததால் ஊரே வரிசையில் நின்று தன்னை மறுபடி பதிந்துகொண்டது. சிலர் பழைய தோலை மடித்துப் பீரோவில் கல்யாணப் புடவைக்குள் வைத்தார்கள். சிலர் மல்பெரித் தோட்டத்துக் குழியில் போட்டார்கள். பேபி தன்னுடையதைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தாள். "ஆருடி அது கொடியில" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு, "நான்தான். போன வார நான்" என்றாள்.

உரித்தவர்கள் பெரிதாக மாறிவிடவில்லை. ஆனால் மாறினார்கள். யாருக்கும் பேனா கொடுக்காத தேவசிகாமணியின் மேஜையில் மூன்று பேனாக்கள் யாருக்கென்றில்லாமல் கிடந்தன. வாய் ஓயாத பேபி அடுத்தவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கக் கற்றுக்கொண்டு வந்தாள், அந்தக் காத்திருப்பில் ஊரார் தங்கள் ரகசியங்களையெல்லாம் அவளிடம் கொட்டினார்கள். நாச்சிமுத்துவுக்கு 'அடுத்த கூட்டத்துல' என்று சொல்ல நாக்கு புரளவில்லை. சொல்லப் போவார், முதல் எழுத்திலேயே நின்றுவிடுவார். பிறகு வேறு வழியில்லாமல் அங்கேயே எதையாவது முடிவு செய்வார்.

சாந்தாமணி ஆடி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் சமையலறையில், முறத்தின்முன் உட்கார்ந்தபடி உரித்தாள். வெளியே வந்ததும் கைகளைப் பார்த்தாள், கால்களைப் பார்த்தாள், தனக்குள் எதையாவது தேடிப் பார்த்தாள். ஒன்றும் மாறியதாகத் தெரியவில்லை. மறுநாள் காலை மையத்தில், நறுக்குகிற அறையைத் தாண்டிப் போகும்போதுதான் தெரிந்தது.

அங்கே அவள் கணவன் சென்னியப்பன் உட்கார்ந்து இலை நறுக்கிக்கொண்டிருந்தான். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். ஒரே மகள் கோயம்புத்தூர் விடுதியில் நர்சிங் படிக்கிறாள். சென்னியப்பன் அதிகம் பேசமாட்டான், விடிகாலையில் எழுந்து வருவான், மல்பெரிக் கட்டைப் பிரிப்பான், குஞ்சுப் புழுவின் வாய்க்கு ஏற்ற அளவில் ஒரே சதுரமாக இலையை வெட்டிக் குவிப்பான், வீட்டுக்கு வந்து போட்டதைத் தின்பான். அவனைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை. சுவரைப் பற்றி யாராவது யோசிப்பார்களா? அன்றைக்குக் குனிந்திருந்த அவன் பிடரியையும் அதில் நரைத்திருந்த ஏழெட்டு முடிகளையும் பார்த்தபோது, இந்த ஆள் என்னை விட்டுப் போய்விட்டால் என்ன செய்வேன் என்று அவளுக்கு ஒரு பயம் வந்தது. பத்தொன்பது வருஷம் வராத பயம். புதுத் தோலோடு கூடவே வந்த பயம்.

அன்றிலிருந்து அவன் பக்கத்தில் அவள் உட்காரத் தொடங்கினாள். சாப்பிடும்போது பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னத்துக்கு இப்படிப் பார்க்கற" என்றான் சென்னியப்பன்.

"சும்மாதானுங்க மாமா. பார்க்கக் கூடாதா."

"பாரு, பாரு. காசா பணமா" என்று அவன் இன்னொரு கவளத்தை எடுத்தான்.

ஆவணி பிறந்ததும் கட்டடம் உரித்தது. மையத்தின் பழைய கொட்டகைச் சுவர்களிலிருந்து முப்பது வருஷத்துச் சுண்ணாம்புப் பூச்சு ஒரே பாளமாகக் கழன்று, போர்வை நழுவுவதுபோலத் தரையில் வந்து படிந்தது. ஓடுகள் ஒவ்வொன்றாக இறங்கி, ஒன்றுகூட உடையாமல், வாசலில் அடுக்கிக்கொண்டன. பழைய கொட்டகையில் இனி புழு வளர்க்க முடியாது. புதுக் கொட்டகை ஒன்று பக்கத்திலேயே இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. வெப்பமும் ஈரமும் தானாக அளந்து கொடுக்கிற இயந்திரம், இலை நறுக்கும் இயந்திரம் எல்லாம் அதற்குள் அட்டைப்பெட்டியோடு இருந்தன. யார் அங்கே போவது, யார் எந்த வேலையை விடுவது என்று முடிவாகாமல் பன்னிரண்டு கூட்டங்கள் அதைத் தள்ளிவைத்திருந்தன. இப்போது தள்ளிவைக்க நாச்சிமுத்துவுக்கு நாக்கு இல்லை.

"போயிறலாம்" என்றார் அவர். "ஆனா நம்ம வழக்கப்படி போகணும்."

மையத்தின் வழக்கம் எல்லாருக்கும் தெரியும். ஒரு தட்டிலிருக்கிற புழுக்கள் ஒன்றாகத் தூங்கப் போனாலும் ஒன்றாக எழுந்திருக்காது. முதலில் எழுந்தது பசியோடு தலையை ஆட்டும். அதற்கு இலை போட்டுவிட்டால் அது வளர்ந்துகொண்டே போகும், பின்னால் எழுவது இலைக்கு அடியில் மாட்டிக்கொண்டு சிறுத்துச் செத்துப்போகும். அதனால் கடைசிப் புழுவும் உரித்து வருகிறவரை தட்டில் ஒரு இலைகூட விழாது. இதைப் பிடிவாதமாகக் கடைப்பிடிப்பதால்தான் ஆனைக்கல்புதூர்ப் புழு ஒரே சீராக இருக்கும் என்று ஜில்லாவில் பேர். அதே வழக்கத்தைத்தான் இப்போது தங்களுக்கும் தீர்மானமாகப் போட்டார்கள்: மையத்து ஆட்களில் கடைசி ஆளும் உரித்து எழுந்தபிறகுதான் புதுக் கொட்டகை திறக்கும், அதற்கு முன் யாரும் உள்ளே கால் வைப்பதில்லை. தேவசிகாமணி எழுதினார், இருநூறு பேரும் கை தூக்கினார்கள். மிச்சமிருந்தது ஒரே ஆள்தான்.

சென்னியப்பன் செவ்வாய்க்கிழமை காலை, நறுக்குகிற கட்டைமுன் உட்கார்ந்தபடி, கையில் கத்தியோடு தலையைத் தூக்கினான்.

சாந்தாமணிதான் முதலில் பார்த்தாள். கத்தி கையிலிருந்து நழுவினால் காலில் விழும். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கத்தியை எடுத்தாள். அதுவரை சரிதான், அதை யாரும் தப்பென்று சொல்லமாட்டார்கள். கத்தியை எடுத்ததும் அவன் விரல்கள் வெறுமையாக விரிந்து நின்றன. அவள் தன் கையை அதற்குள் வைத்தாள். ஒரு நிமிஷம்தான் என்று நினைத்தாள். பேபி வந்து எட்டிப் பார்த்தபோது முந்தானையை இழுத்து அந்தக் கைகளின்மேல் போட்டுக்கொண்டாள். வட்டமாகச் சுண்ணாம்பு தூவிக்கொண்டே பேபி, "நீ இங்கயே உட்கார்ந்திருக்கப் போறியா புள்ள" என்றாள். "துணைக்கு இருக்கேனுங்க்கா" என்றாள் சாந்தாமணி. பதினேழு வருஷமாக ஒரு புழுவைக்கூட நகம் படத் தொடாதவள், அன்றைக்குப் பகலும் அதன்பின் ஒரு ராத்திரியும் அடுத்த நாள் மத்தியானம்வரையும், எழுந்து வருகிற ஆள் தன்னை வேண்டாமென்றுவிட்டால் என்ன செய்வது என்ற ஒரே நினைப்பில், அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் அவன் பிடரியில் கோடு விழுந்தது. தோள் வந்தது, முதுகு வந்தது, கால்கள் வந்தன, இடது கை கையுறையிலிருந்து உருவிக்கொண்டதுபோல வந்தது. வலது கையில் மட்டும் மணிக்கட்டுவரை வந்து தோல் அறுந்து நின்றுவிட்டது. மணிக்கட்டுக்கு மேலே புது ஆள், மணிக்கட்டுக்குக் கீழே பழைய கை, நடுவே நூல் கட்டியதுபோல ஒரு வளையம்.

அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். "நீங்க சாந்தாமணிதானுங்களே" என்றான்.

"ஆமா" என்றாள் அவள்.

அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனால் யாரோ சொல்லிக் கேட்டதுபோல ஞாபகம் இருந்தது. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்து, "நல்லா வெச்சிருக்கீங்க" என்றான். எப்போதும் தொடாத தயிரைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சாப்பிட்டுக்கொண்டே பேசினான். மையத்து வண்டியில் புழுத் தட்டுகளை ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்து ஊர்களுக்குப் போகிறார்களே, அதில் தானும் போகவேண்டும் என்றான். அந்த ஊர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துச் சிரித்தான். பத்தொன்பது வருஷத்தில் அவனுக்கு முன்பல் இரண்டுக்கு நடுவே சின்ன இடைவெளி இருப்பதை அவள் அன்றுதான் கவனித்தாள்.

வலது கை அதிலெல்லாம் கலந்துகொள்ளவில்லை. அது பழைய நேரத்துக்கே விழித்துக் கத்தியைத் தேடிப் பாயைத் தடவியது. கிடைக்காவிட்டால் அவள் பக்கமாக வந்து, எப்போதும்போல, அவள் போர்வையை இழுத்து மூடிவிட்டு நின்றது. அதுவரை தினமும் காலையில் தன் போர்வை எப்படிச் சரியாக இருக்கிறது என்று அவள் யோசித்ததில்லை. இப்போது தெரிந்ததும் அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பாதியாவது மிஞ்சியதே என்று இருந்தது. ரேஷன் கடையில் அந்தப் பெருவிரலை மட்டும் இயந்திரம் ஒரே அழுத்தலில் ஏற்றுக்கொண்டபோது, அவளுக்கு ஏனோ கண் கலங்கியது.

வண்டிக்காரரோடு பேசிவிட்டு வந்த ஒரு மாலையில், வாசல்படியில் உட்கார்ந்திருந்த சென்னியப்பன் தன் வலது கையை அவள் மடியில் பார்த்தான். அவள் அதற்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணு கேட்கலாங்களா" என்றான்.

"கேளுங்க."

"எப்பவும் இவரையே பிடிச்சுக்கறீங்க." அவன் கையை அப்படித்தான் சொன்னான், இவர் என்று. "நான் பேசினா என்ற மூஞ்சியப் பார்க்காம இவரத்தான் பார்க்கறீங்க. தப்பில்லீங்க. எனக்கு முன்னால இருந்து உங்களோட வாழ்ந்தவரு. நான் நேத்து வந்தவன்." இடது கையை நீட்டினான். "ஆனா இந்த இடது கை சும்மாதானுங்க இருக்குது. அதுக்கும் நகம் வளருது."

சாந்தாமணி நகவெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். எதிரே உட்கார்ந்திருந்தது, ஒரு வாரமாகத் தன் வீட்டிலேயே விருந்தாளியாக இருந்து, கேட்டுக் கேட்டுச் சோறு வாங்கித் தின்று, யாரும் தன்னிடம் உட்கார்ந்து பேசாமல் ஊர்ப் பெயர்களைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிற ஒரு மனிதன். அவன் போய்விடுவானோ என்று பயந்து பயந்து, அவன் வந்ததையே அவள் பார்க்கவில்லை.

அப்போதுதான் மணிக்கட்டையும் பார்த்தாள். வளையம் இறுகியிருந்தது. அதற்குக் கீழே விரல்கள் கறுத்து வீங்கியிருந்தன. "வலிக்குதுங்களா" என்று கேட்டாள். "மரத்துப் போச்சுங்க, ரெண்டு நாளா" என்றான் அவன். வாலில் பழைய தோல் மாட்டிக்கொண்ட புழுவை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். தோல் வளையமாக இறுகும், இறுகிய இடத்துக்குக் கீழே கறுக்கும், மூன்றாம் நாள் புழு போய்விடும்.

மறுநாள் காலை சிறப்புக் கூட்டம். பழைய கொட்டகையின் மொட்டைச் சுவர்களுக்கு நடுவே வெயிலில் உட்கார்ந்தார்கள். புது முட்டைகள் வந்திறங்கி, எல்லாம் ஒரே காலையில் பொரியவேண்டுமென்று கறுப்புத் துணியில் சுற்றி அலுவலக அறையில் இருந்தன. துணியைப் பிரித்து வெளிச்சம் காட்டினால் ஒரு மணி நேரத்தில் புழு வந்துவிடும். மறுநாள் பிரிக்கவேண்டும். வேண்டுமானால் இன்னொரு நாள் தாங்கும், அதற்குமேல் இருட்டிலேயே பொரிந்து வீணாகிவிடும். இருநூறு குடும்பத்து வேலை அது. கொட்டகையோ பூட்டியிருக்கிறது. கடைசி ஆள் எழுந்துவிட்டார், ஆனால் அவருடைய கை எழுந்திருக்கவில்லை.

"ஆளுன்னா முழு ஆளா, கை தனிக் கணக்கா" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

"தீர்மானத்துல ஆளுன்னுதான் இருக்குது" என்றார் தேவசிகாமணி. "கையப் பத்தி ஒண்ணும் எழுதலீங்க."

"அப்ப கைய வெளிய விட்டுட்டு ஆள மட்டும் உள்ள கூட்டிட்டுப் போலாமா" என்றார் இன்னொருவர். சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரித்தான். மடியில் கிடந்த கையை அவன் துண்டால் மூடியிருந்தான்.

"புழுவுக்கு ஒரு கால் மாட்டிக்கிட்டு நின்னா அதை எழுந்ததுன்னு நாம எடுத்துக்க மாட்டம்" என்றார் நாச்சிமுத்து. "அது ஏன் மாட்டுச்சுன்னு பார்ப்போம். ஈரம் பட்டிருக்கும். இல்ல, ஆராவது தொட்டிருப்பாங்க."

பதினேழு வருஷத்தில் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசாத சாந்தாமணி எழுந்து நின்றாள். முந்தானையின் நுனி அவள் விரலைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"நான்தானுங்க" என்றாள். "பிடிச்சுட்டிருந்தேன்."

"எவ்வளவு நேரம் புள்ள" என்றாள் பேபி, மெதுவாக.

"எழுந்திரிக்கற வரைக்கும்."

நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த மையத்துல தூங்கற புழுவத் தொடாத ஒரே ஆள் நீதான்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தேனம்மா" என்றார்.

"புழுவத் தொடலீங்களே" என்றாள் அவள். பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ சிரித்தார்கள், சிரித்தவளே மூக்கையும் உறிஞ்சினாள். சென்னியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாகப் பார்க்கவில்லை. தன்னை ஒருத்தி அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பதை அப்போதுதான் கேள்விப்பட்டவனாகப் பார்த்தான். அல்லது, தனக்கு முன்னால் இருந்தவனை.

பிந்திப்போன புழுவுக்கு என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள். காய்ந்த இடம், காற்று, அமைதி, யாரும் கிட்டே போகாமல் இருப்பது. அவன் வீட்டு முன்னறையில் பலகை போட்டு, கையை அதன்மேல் நீட்டி வைத்து, சுற்றிலும் சுண்ணாம்பு தூவினார்கள். சாந்தாமணி மாற்றுப்புடவை ஒன்றை எடுத்துக்கொண்டு பேபி வீட்டுக்குக் கிளம்பினாள். நிலைப்படியில் நின்றாள். அந்தக் கை பலகையின்மேல் விரல்களை லேசாக மடக்கி, எதையோ வாங்கிக்கொள்ளக் காத்திருப்பதுபோல இருந்தது. அதைத்தான் அவளுக்குத் தெரியும். அதைத்தான் அவள் விட்டுவிட்டுப் போகிறாள். பத்தொன்பது வருஷம் தன் போர்வையை மூடிய கைக்கு இப்போதுகூட நன்றி சொல்லத் தெரியாமல் அவள் நின்றாள். பிறகு வளையல்களை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டு, சத்தமில்லாமல் படியிறங்கினாள்.

பேபி வீட்டில் சாப்பிட வாழையிலை போட்டார்கள். சாந்தாமணி இலையைத் திருப்பி வைத்தாள். கடைசியாக ஒருவர் பாக்கியிருக்கும்போது யாருக்கும் இலை இல்லை என்பதுதான் அவளுக்குத் தெரிந்த சட்டம். அதைப் பார்த்த பேபி தன் இலையையும் திருப்பி வைத்தாள். செய்தி எப்படியோ தெருவுக்குப் போனது. அன்றைக்கு ஆனைக்கல்புதூரில் குழந்தைகளும் நோயாளிகளும் தவிர யாரும் சாப்பிடவில்லை. அடுப்புகள் ஆறியிருந்தன. யாரும் யாரிடமும் சொல்லிச் செய்யவில்லை. மறுநாள் முட்டைகளின் துணியைப் பிரிக்கவேண்டிய காலையில் நாச்சிமுத்து அறைக்குள் போய், துணியில் கைவைத்து, ஒரு பெருமூச்சு விட்டு, பிரிக்காமல் வெளியே வந்தார். "இன்னைக்கொரு நாள்" என்றார்.

"போற வண்டியிலயே அந்த மனுசன் போயிட்டா என்ன பண்ணுவ" என்றாள் பேபி, அன்று ராத்திரி கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி.

சாந்தாமணி கட்டிலடியில் பாயை விரித்தாள். "போகட்டுங்க்கா" என்றாள். "முழுசாப் போகட்டும். கைய இங்க விட்டுட்டுப் போக வேண்டாம்."

மூன்றாம் நாள் விடிந்ததும் எல்லாரும் புதுக் கொட்டகை வாசலில் வந்து நின்றார்கள். பூட்டு தொங்கியது. மலையடிவாரத்துக்குப் போகிற வண்டி, முந்தைய பருவத்துத் தட்டுகளைத் திருப்பி வாங்கிவரக் கிளம்பித் தயாராக நின்றது. தெருக்கோடியில் சென்னியப்பன் வருவது தெரிந்தது. வலது கையை நெஞ்சுக்கு நேரே உயர்த்தி, நிறைகுடத்தைச் சுமந்து வருகிறவன்போல வந்தான். கை புதிதாக இருந்தது. வளையம் இல்லை. கத்தி பிடித்துக் காய்த்த காய்ப்பு இல்லை. உள்ளங்கை சிவந்து, ரேகைகள் இன்னும் சரியாகப் பதியாமல் மங்கலாக இருந்தன.

தேவசிகாமணி பதிவேட்டில் எழுதினார். நாச்சிமுத்து பூட்டைத் திறந்தார். எல்லாரும் உள்ளே போனார்கள், ஒருவரையொருவர் முந்தாமல், ஒன்றாக. சாந்தாமணி மட்டும் வாசலிலேயே நின்றாள், அவன் அவள்முன் வந்து நின்றதால்.

"விரல்லாம் அசையுதுங்களா" என்றாள்.

"அசையுதுங்க." ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினான். "ஆனா ஒண்ணும் தெரியல இதுக்கு. காலையில சட்டைப் பொத்தான் போட மாட்டேனுருச்சு. வர வழியில ஒரு வேப்பிலையத் தொட்டுப் பார்த்தேன். வேற எதையும் இன்னும் தொடல."

வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். சென்னியப்பன் திரும்பி, வருகிறேன் என்று தலையசைத்தான். போகத்தான் போகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. திரும்பி வருவீங்களா என்று கேட்க வாயெடுத்தாள். அதைக் கேட்டால் அதுவும் ஒரு பிடிதான் என்று கேட்காமல் விட்டாள்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி திரும்பிருமாம்" என்றான் அவன். தரையைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். "உங்க வீட்டுக்காரரோட கையும் இப்ப இல்லீங்க. என்ற கைதான் இருக்குது. நான் வரும்போது நீங்க வீட்டுல இருப்பீங்களா?"

இத்தனை நாள் அவனும் அதற்குத்தான் பயந்துகொண்டிருந்தான்.

சாந்தாமணி தன் கையை நீட்டினாள், உள்ளங்கை மேலே பார்க்கும்படி. அவன் தயங்கித் தயங்கி அதன்மேல் தன் கையை வைத்தான். அது குஞ்சுப் புழுபோல மெத்தென்று, கொஞ்சம் குளிர்ந்து, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அவள் ரேகைகளின்மேல் மெல்ல அசைந்தது. அவள் விரல்களை மடக்கவில்லை.

"இருப்பேனுங்க" என்றாள்.

வண்டிக்காரர் மறுபடியும் அடித்த ஹாரனில் அவன் கையை எடுத்துக்கொண்டு ஓடினான். உள்ளே கறுப்புத் துணியைப் பிரித்துவிட்டார்கள், வெளிச்சம் பட்டுவிட்டது, சாந்தாக்கா எங்கே என்று யாரோ கேட்பது காதில் விழுந்தது. வண்டி திரும்புகிற மூலையை ஒரு தடவை பார்த்துவிட்டு, அவள் இலை போடப் போனாள்.